தாடைக்குக் கீழே கை

அயர்லாந்துக்கு வந்த முதல் மாதம். நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பிரிஜிட் என்ற அம்மாளின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "ஆர் யூ கம்ஃபர்டேபிள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டிலோரம் நின்ற சக்கர மேசையை இழுத்து, அதன்மேல் இருந்த தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு, மேசையை என் பக்கம் தள்ளினார். "தேர் யூ ஆர், லவ்" என்றார். எனக்கு மேசை வேண்டும் என்று நினைத்துவிட்டார். நான் மறுபடி கேட்டேன், இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து. அவர் மேசையை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

உடன் வேலை பார்க்கும் நோரா நடைவழியில் வைத்து விளக்கினாள். நான் அந்தச் சொல்லை நான்காக உடைத்து, 'டேபிள்' என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேனாம். முதல் துண்டை மட்டும் அழுத்திச் சொல், மீதியை விழுங்கிவிடு என்றாள். கம்ஃப்-ட-பிள். மூன்றே அசைகள். நர்ஸிங் கல்லூரியிலும் மீஞ்சூர் மருத்துவமனையிலுமாக எத்தனையோ வருடங்கள் அதை நான்காகச் சொல்லி வந்திருக்கிறேன். அங்கே யாரும் என் பக்கம் மேசையைத் தள்ளியதில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவரின் புருவம் சுருங்குகிறது. 'சாரி?' என்கிறார்கள். நாமும் 'சாரி' என்கிறோம். கொஞ்ச நாளில் பேசுவதையே குறைத்துக்கொள்கிறோம். அப்படித்தான் நான் நகர நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தினார். பிரேசில்காரர்கள், உக்ரைன்காரர்கள், நான். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லச் சொல்வார். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. அதில் ஒன்றுதான் பெரியது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் சொல் நம்முடையது என்பார். 'ஷன்' என்று முடியும் சொல்லில் அதற்கு முந்திய அசையில் அழுத்தம். 'இட்டி' என்று முடிந்தால் கடைசியில் இருந்து மூன்றாவது. நான் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு விளம்பரப் பலகைகளை எல்லாம் உடைத்துப் பார்த்தேன். கம்-யூ-னி-கே-ஷன். யூ-னி-வெர்-சி-டி. தாடையில் கையோடு தனியாக முணுமுணுக்கும் பெண்ணைப் பார்த்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓரடி விலகி நின்றார்கள்.

அந்த நாட்களில்தான் அண்ணியை இங்கே வரவழைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

சுமதி எனக்கு அண்ணி ஆவதற்கு முன்னால் தோழி. இருவரும் ஒன்றாக நர்ஸிங் படித்தோம். அவள் திருப்பாலைவனத்தில் நெல் விளையும் வீட்டுப் பெண். எங்கள் வீடு பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள குப்பம். என்னைப் பார்க்க வந்து போன வழியில் என் அண்ணன் குமாரைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டின் கோபத்தையும் தாங்கி அவனைக் கட்டிக்கொண்டாள். வந்த புதிதில் மீன் கழுவத் தெரியாது. எங்கள் வீட்டில் பேசுவதில் பாதி புரியாது. என் அப்பாவை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, முதல் நாள் அது அவர் பெயர் என்றே நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வருடத்துக்குள் வலையில் சிக்கிய நண்டைக் கொடுக்கு உடையாமல் எடுக்கிற அளவுக்கு அந்த வீட்டுக்காரியாகிவிட்டாள். தினமும் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர், திரும்பி வந்து சமையல். மகள் யாழினி பிறந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அவளுக்கு வெளிநாட்டு ஆசை இருந்ததில்லை. அதை நான்தான் ஊட்டினேன். முகத்துவாரம் தூர்ந்துபோய் ஏரியில் மீன் குறைகிறது, அண்ணனை நம்பி எத்தனை நாள், யாழினியின் படிப்பு என்று போனில் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் அடுக்காமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தமிழில் சண்டை போட ஓர் ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

நர்ஸாகப் பதிவு பெற நாளாகும், முதலில் உதவியாளராக வந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உதவியாளர் வேலைக்கான அனுமதியில் வருகிறவர்கள் முதல் வருடம் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொன்னேன். சொன்னேன் என்றாலும், விழுங்க வேண்டிய அசையை விழுங்குகிற மாதிரி வேகமாகச் சொன்னேன்.

எதற்குப் போனாலும் ஆங்கிலத் தேர்வு உண்டு. எழுத்திலும் வாசிப்பிலும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பேச்சில்தான் முதல் முறை அரை மதிப்பெண்ணில் போனது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அவளுக்கு வகுப்பெடுத்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே படிப்பாள். கையில் இறால் இருப்பதால் தாடைக்கு வைக்கக் கை இருக்காது. யாழினி மடியில் ஏறி, தன் சின்னக் கையை அம்மாவின் தாடைக்குக் கீழே வைப்பாள்.

"ஃபோட்டோகிராஃப், மொதல்ல அழுத்தம். ஃபோட்டாகிராஃபர், ரெண்டாவதுல. ஃபோட்டோகிராஃபிக், மூணாவதுல" என்றேன் ஒரு நாள்.

"இன்னா ரேவதி இது, வால் மாறினா தலையும் மாறுது? பேஜாரா கீதே" என்றாள் அண்ணி. "நம்ம பாஷையில இந்தத் தொல்லை இல்ல."

"நாம ஒரு எழுத்தைக்கூட முழுங்க மாட்டோம் அண்ணி. அதான் கஷ்டம்."

"யாரு சொன்னது? 'இருக்கிறது'ன்னு எழுதறோம். வாயில 'கீது'ன்னுதான வருது. நாலஞ்சு எழுத்தை முழுங்கிட்டு ஏப்பம் கூட வுடறதில்ல."

அந்தப் பக்கமாக வந்த நைனா மூவரையும் பார்த்துவிட்டு, "இன்னாமே, பல்லு வலியா? தாடையப் புட்சிகினு கீறீங்க" என்றார். யாழினி கையை எடுக்காமலே, "ரி-ஸ்பான்-சி-பி-லி-டி" என்று தாத்தாவுக்குப் பதில் சொன்னாள். ஆறு அசை. நான்காவதில் அழுத்தம். சரியாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை.

இரண்டாம் முறை அண்ணி தேறினாள். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. என் சந்தோஷத்தின் சத்தம் பெரிதாக இருந்தது.

அவள் வந்து இறங்கிய பிறகு சில வாரங்கள் என் வாழ்வில் நல்ல வாரங்கள். ஒரே வேலையிடம், ஒரே அறை, இரண்டு கட்டில். கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, மேல் வீட்டுக்காரருக்குப் பயந்துகொண்டு சிரித்தோம். பிரிஜிட் அம்மாளிடம் அண்ணி "கம்ஃப்டபிள்?" என்று கேட்க, அவர் "கிராண்ட், லவ்" என்றார், நன்றாக இருக்கிறேன் என்று. நான் கதவருகில் நின்று பெருமைப்பட்டேன். இரவில் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தூங்கிவிட்டாள் என்று நான் நம்ப விரும்பினேன்.

யாழினி முதலில் போனில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்தினாள். அதை நாங்கள் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம். ஊரில் அவளைப் பார்த்துக்கொண்ட என் அம்மா சொன்னாள், "கொழந்த இப்ப சமத்தாயிடிச்சு. நாள் பூரா தாடையில கைய வெச்சிகினு இங்கிலீஸ் படிக்குது." பள்ளிக்கூடத்து வேனில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், குளிக்கும்போது என்று அவள் அந்தப் பழைய சொற்களை உடைத்து உடைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னபோது எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு மதியம்தான் ஷிப்ட். வீட்டில் இருந்து போன் வந்தது. யாழினிதான்.

"அத்தே, நான் சொல்றேன், நீ பாக்கறியா?"

நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போனை அலமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டு, "சொல்லு" என்றேன். அவள் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கம்யூனிகேஷன். ஃபோட்டாகிராஃபர். ரிஸ்பான்சிபிலிட்டி. எல்லா அழுத்தமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் வகுப்பில் வருடக்கணக்காகப் படிக்கிறவர்களுக்கும் அது வராது.

"அடடே! பாஸ்! யாழினி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்!" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்போ நானும் வரட்டா?"

"வா, வா, ஓடி வா" என்றேன் சிரித்துக்கொண்டே. சட்டையின் காலர் மடங்கிவிட்டதால் அதை நீவ வேண்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் போனைத் துண்டித்திருந்தாள்.

திங்கட்கிழமை இருவருக்கும் காலை ஷிப்ட். நாங்கள் மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த நேரம், அங்கே சாயங்காலம். அண்ணியின் போன் விடாமல் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை, வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. பிறகு என்னுடையது அதிர்ந்தது. நான் எடுத்தேன். அம்மா பேசவில்லை, அலறினாள். பள்ளிக்கூட வேன் இறக்கிவிட்டுப்போன யாழினி வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீடு, கோயில், படகுகள் நிற்கிற இடம் எங்கேயும் இல்லை. கடைசியாக யாரோ அவளைப் பாலத்தின்மேல் தனியாகப் பார்த்திருக்கிறார்கள்.

பாலத்துக்குக் கீழே ஏரி. அதற்குமேல் அம்மா எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணியிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அவள் கையில் இருந்த கரண்டியை நோரா வாங்கிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. துணிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் எங்களை உட்காரவைத்தாள். போன் லைனிலேயே இருந்தது. குமார் அண்ணன் கடலில் இருந்து வந்தவன் வந்தபடியே ஏரியில் இறங்கிவிட்டான். குப்பத்து ஆண்கள் படகுகளை எடுத்துக்கொண்டு பாலத்தின் தூண்களைச் சுற்றிக் கழியால் துழாவினார்கள். நைனா கரையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போனில் கேட்டது.  அண்ணி, மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பாள், மடிப்பாள், மறுபடி பிரிப்பாள். நோரா, "ஷீல் பி கிராண்ட்" என்றாள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். மழைக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்.

பிறகு போனில் கூச்சல் மாறியது. அம்மா அழுத விதம் மாறியது. "கெடச்சிட்டா, கெடச்சிட்டா" என்று பல குரல்கள்.

நடந்தது இதுதான். யாழினி பள்ளிப் பையில் இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு ஒரு கவுனும் சீப்பும் வைத்திருக்கிறாள். பாலத்தைக் கடந்து நடந்து, பழவேற்காடு பஸ் நிலையத்தில் நின்ற பொன்னேரி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கூட்டத்தில் யாருடைய குழந்தை என்று யாரும் கேட்கவில்லை. பொன்னேரியில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எங்கே போகவேண்டும் என்று கண்டக்டர் கேட்டார். "ஏர்போர்ட் எப்போ வரும்?" என்றாளாம். டிக்கெட் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தாடைக்குக் கீழே கையை வைத்து, ரி-ஸ்பான்-சி-பி-லி-டி என்று சொல்லிக் காட்டினாளாம். அவர் பன் வாங்கிக் கொடுத்து, விசாரித்து, அதே பஸ் திரும்பும்போது தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டார். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போனால் அவரைத்தான் நினைக்கிறேன்.

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. யாரும் அடிக்கவில்லை, இருந்தும் அழுதுகொண்டே சொன்னாள். "அம்மா இதெல்லாம் கரெக்டா சொன்னதாலதான ஃபிளைட்ல ஏத்துனாங்க. நானும் கரெக்டா சொன்னேன். ரேவதி அத்தை பாஸ்னு சொல்லிச்சு. வா வான்னு சொல்லிச்சு."

குமார் அண்ணன் போனை வாங்கினான். ஈரத்தில் அவன் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. "இன்னாத்துக்கு ரேவதி கொழந்தகிட்ட அப்டி சொன்னே?" என்றான். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவனைப் போலக் கேட்டான். 

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு துண்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பாதியில் விட்டுவந்த பெரியவருக்கு ஊட்டப் போனாள். சூப் ஆறிவிட்டது என்று சூடாக்கி எடுத்துப் போனாள்.

அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். நான் கெஞ்சினேன். "இன்னும் கொஞ்ச மாசம்தான் அண்ணி. ஒரு வருஷம் தாண்டிட்டா அவளையும் அண்ணனையும் கூட்டிக்கலாம்."

"உனக்கு அது ஒரு வருஷம். கொழந்தைக்கு, அது வயசுல அஞ்சுல ஒரு பங்கு" என்றாள்.

"நான் வெளையாட்டாத்தான் அண்ணி வான்னு சொன்னேன்."

"தெரியும்." துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினாள். "என்னை நீ எதுக்குக் கூப்ட்டேன்னும் தெரியும். யாழினி படிப்பு, அது இதுன்னு சொன்னே. நீ தனியா கஷ்டப்படறேன்னு எனக்குத் தெரியாதா? கூட ஒரு ஆள் இருந்தா நீ தேறிடுவேன்னு நெனச்சுத்தான் வந்தேன். உங்க அண்ணனாண்டகூட அதைச் சொல்லல."

அவள் என்மீது கோபப்பட்டிருக்கலாம். கோபத்துக்கு நான் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. விமான நிலையத்தில் என் தலையைத் தடவி, "ஒழுங்கா சாப்புடு" என்றாள். பிள்ளையை விட்டு வந்தவளுக்குத் துணையாக இருக்க வேண்டிய நான், பிள்ளையாகவே இருந்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அண்ணி மறுபடி மீஞ்சூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதே பஸ், அதே ரயில். யாழினி ஒன்றாம் வகுப்பு. நான் ஆட்டோவில் இருந்து இறங்கியதும் ஓடிப்போய்த் தன் அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவக் கூட்டினு போவ வந்துகிறியா?" என்றாள். இல்லை என்றேன். நம்பவில்லை. நான் கொண்டுபோன கலர் பென்சிலை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நண்டு படம் வரைந்து காட்டினாள். எனக்கு மனசு லேசாகி, விளையாட்டுக்கு என் கையை என் தாடைக்குக் கீழே வைத்து, "கிராப்... ஒண்ணுதான்" என்றேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வேணாம் அத்தே" என்றாள். இறக்கிய கையை விடாமல் மடியிலேயே அழுத்திப் பிடித்திருந்தாள். மீன் கூடையோடு உள்ளே போன அண்ணி அதைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரிப் போனாள்.

கிளம்புகிற அன்று யாழினி அழவில்லை. நான்தான் மறைத்து மறைத்து அழுதேன். இந்த முறை வழியனுப்ப யாரும் விமான நிலையம் வரவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

இங்கே வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நோரா எதிர்ப்பட்டு, "ஹவ் வாஸ் ஹோம்?" என்றாள். நன்றாக இருந்தது என்றேன். பெட்டியை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஏறி, கதவுக்கு முன்னால் சாவியைத் தேடும்போது அம்மா கூப்பிட்டாள். விமானம் நேரத்துக்கு இறங்கியதா, சாப்பிட்டாயா என்று அவள் கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டேன். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

"வந்துட்டேம்மா" என்றேன்.

 மறுமுனையில் அம்மாவின் குரல் உயர்ந்தது. "வந்துட்டியா? எங்க கீறே? பஸ் ஸ்டாண்டாண்டயா? இன்னா, ஃபிளைட்டு வுட்டுட்டியா?" போனை அப்புறம் திருப்பிக்கொண்டு கத்துவது கேட்டது. "டேய் குமாரு, வண்டிய எடுடா! ரேவதி திரும்பி வந்துட்டாளாம்!" அந்தப் பக்கம் வண்டி உதைக்கப்படும் சத்தமும், "அத்தையா? அத்தையா?" என்று கேட்டபடி ஓடும் காலடியும் கேட்டன. நான் சாவியைக் கதவில் நுழைத்தபடி நின்றேன். 'இல்லைம்மா, நான் இங்கே வந்துவிட்டதைச் சொன்னேன்' என்று சொல்ல வேண்டும். அண்ணன் பாலத்தை எட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.